ஒன்பது மேடுள்ள கோடு

கள்ளக்குறிச்சி
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நானும் டயானாவும் அவள் அம்மாவும் சுகம். உங்கள் மூட்டு வலி மலைக்குளிரில் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் கண்டக்டர் செல்லமுத்துவிடம் சொல்லி அனுப்புங்கள்.

படத்தையும் அவன் கையில்தான் கொடுத்திருக்கிறேன். மடிக்காமல், சீட்டுக்குப் பின்னால் நிற்கவைத்துக் கொண்டுவருவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். போனிலும் பேசலாம்தான். டவருக்காக நீங்கள் கரியாலூர் பஸ் ஸ்டாப் வரை நடந்துவந்து, டீக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். அதற்குக் கடிதமே மேல்.

உங்கள் மலைப்பயிர் ஆய்வு மையம் இலச்சினைப் போட்டி வைத்தாலும் வைத்தது, எங்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார் ஜெயப்பிரகாஷ் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் டிராயிங் மாஸ்டர் ஆகிவிட்டார்கள். பல்சக்கரம் போடு, மைக்ராஸ்கோப் போடு, விரித்த புத்தகம் போடு, கீழே இரண்டு கை போடு என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதையும் போடவில்லை. ஒரு வட்டம், உள்ளே சாய்ந்த ஒரு சாமைக் கதிர், கதிருக்கு மேலே மலைக்காக ஒரு கோடு. அவ்வளவுதான். விளக்கம் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று விதி. வட்டம் உலகம், கதிர் பயிர் என்று எழுதிவிட்டேன். கோட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஒரு படத்தை ஐந்து தடவை திருப்பிப் போடுகிறவன் நான் என்று உங்களுக்குத் தெரியும். இதை ஒரே தடவை போட்டு விட்டுவிட்டேன். நேரமில்லை.

இன்னொரு சேதி. பதினோரு வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கிற என்னை நிரந்தரம் செய்ய நிர்வாகம் ஒத்துக்கொண்டது. மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஆல்பர்ட்


கரியாலூர்
24.6.2025

அன்புத் தம்பி ஆல்பர்ட்டுக்கு அக்கா உபகாரமேரி எழுதுவது. இங்கே நான் சுகம். மழை வருமா என்று என் மூட்டு முதல் நாளே சொல்லிவிடுகிறது, சம்பளம் இல்லாத வானிலை ஆபீஸ். நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஈஸ்டருக்கு வந்தபோது பாதி டம்ளர் காபி போதும் என்றாயே, சர்க்கரை கிர்க்கரை வந்துவிட்டதா? போய்ப் பரிசோதித்துப் பார்.

படம் மடங்காமல் வந்தது. மொத்தம் நாற்பத்தாறு படம். விதைக் கிடங்குக்குப் பக்கத்து அறையில்தான் தேர்வுக் குழு உட்கார்ந்தது. வரைந்தவர் பெயரை மறைத்து ஒட்டியிருந்தார்கள். சாவி கொடுக்கிற சாக்கில் நான் கதவோரமே நின்றேன். இயக்குநர் தேவிப்ரியா அம்மா உன் படத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவே இல்லை. இந்தக் கோட்டில் ஏதோ இருக்கிறது, சும்மா இப்படி வராது என்றார். இன்னொருவர், கோட்டுக்கு விளக்கம் எழுதவில்லை, விதிப்படி தள்ளிவிட வேண்டும் என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய், அம்மா, அது கிடங்கு வாசலில் நின்றால் தெரிகிற மலைதான் என்று சொல்லிவிட்டேன். கோட்டில் மேடு ஒன்பது இருந்தது. இடமிருந்து வலமாக வெள்ளிமலை, இன்னாடு, சேராப்பட்டு என்று வாயில் வந்த வரிசையில் ஒன்பது ஊர் பெயரைச் சொன்னேன். அப்படியே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நீ என் தம்பி என்று மூச்சு விடவில்லை.

பதினாலு வருஷம் இந்த விதைகளைக் காத்ததற்கு ஆண்டவர் இந்த ஒரு பொய்யை மன்னிப்பார். டயானாவுக்கு என் முத்தம்.

அக்கா


கள்ளக்குறிச்சி
5.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். சர்க்கரை இல்லை, பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் பழகுகிறேன், அதனால் இந்தக் கடிதத்தை டைப் அடித்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு போயிற்று. அக்கா, அந்தக் கோட்டில் வெள்ளிமலையும் இல்லை, இன்னாடும் இல்லை. மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற ஒரே சரிவாகத்தான் போட நினைத்தேன். வந்தது வேறு. தூரிகை பழசு. இயக்குநரிடம் போய், நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பரிசு போனால் போகட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். மருத்துவப் படிவத்தில் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது எந்த வயதில்? நான் சின்னப் பையன், ஞாபகம் இல்லை. படிவத்துக்காகத்தான் கேட்கிறேன்.

தம்பி


கரியாலூர்
21.7.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று வழக்கமாக எழுதுவேன், இன்றைக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. நீ ஜெயித்துவிட்டாய். பெயரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் என் தம்பி என்று சொன்னேன். தேவிப்ரியா அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மையத்தின் சிற்றேடு அச்சாகிவிட்டது. இலச்சினைக்குக் கீழே ஒன்பது ஊர் பெயரும் வரிசையாக இருக்கிறது. இனி நான் எதைப் போய் மாற்றிச் சொல்வது?

செப்டம்பர் 27, சனிக்கிழமை, புதுக் கட்டடத் திறப்பு விழா. முகப்புச் சுவரில் அந்தக் கோட்டை வரைந்தவரே எல்லோர் முன்னாலும் தூரிகையால் போட வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். அழைப்பிதழில் உன் பெயர் வருகிறது.

அப்பாவுக்கு அறுபதுக்கு மேல்தான் நடுக்கம் வந்தது. வயோதிகம். அதையெல்லாம் படிவத்தில் எழுதாதே.

அடுத்த கடிதத்தைக் கையால் எழுது. டைப் அடித்த கவரைப் பார்த்து, ஆபீஸில் இருந்து ஏதோ மெமோ வந்துவிட்டது என்று பயந்துபோனேன்.

அக்கா


கரியாலூர்
6.8.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? பதில் இல்லை. செல்லமுத்துவைத் தினமும் கேட்கிறேன், அவனும் தினமும் உதட்டைப் பிதுக்குகிறான்.

இங்கே நான் வைத்த வினை முளைத்துவிட்டது. மேல்வாழைக்குழி என்று ஒரு ஊர், உள்ளே தள்ளி இருக்கிறது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன் இல்லையா, அந்த ஊர் என் வாயில் வரவில்லை. அந்த ஊர்ப் பெரியவர் வீரமுத்துதான் இந்தக் கிடங்குக்கு முதல் முதலாகச் சாமை விதை கொடுத்தவர். நேற்று சிற்றேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஒம்பது ஊரு இருக்குது, எங்க ஊர காணோமே. இன்னாம்மா, எங்கள எடுத்துட்டீங்களா? அப்ப எங்க வெதையயும் குடுத்துடுங்க, நாங்க எடுத்துக்கினு போறோம்."

அரசு முத்திரை போட்ட தாளில் ஊர் பெயர் இருந்தால்தான் ரோடும் கரண்டும் வரும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த விதை வேறு எங்கும் இல்லை. அது போனால் என் பதினாலு வருஷத்தில் பாதி போன மாதிரி.

பத்தாவது மேடு ஒன்று சேர்த்துவிடலாம் என்று அம்மா சொன்னார். ஆபீஸில் இலக்கியா கம்ப்யூட்டரில் சேர்த்துப் பார்த்தாள். ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது, உங்கள் தம்பியே அதே கோட்டைப் பத்து மேட்டோடு போட்டுத் தரட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். உனக்கு அரை மணி நேர வேலை. போட்டு அனுப்பு, சாமி.

அக்கா


கள்ளக்குறிச்சி
17.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். நான் சொல்லச் சொல்ல டயானா எழுதுகிறாள். வண்டியில் இருந்து சறுக்கி விழுந்து வலது கை பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

அதனால் கோடு போட முடியாது. திறப்பு விழாவுக்கும் வர முடியாது. வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடு கோடுதான், யார் போட்டால் என்ன? அதே கோட்டை இன்னொரு தடவை போட என்னால் மட்டும் இல்லை, யாராலும் முடியாது. நான் சொல்வது உங்களுக்குப் புரியவேண்டும் என்று நினைக்கிறேன்.

வீரமுத்து அய்யாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றிதழுக்கு இந்த மாதம் போக முடியவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம்.

தம்பி


கரியாலூர்
24.8.2025

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நேற்று ஜெயப்பிரகாஷ் சார் குடும்பத்தோடு அருவிக்கு வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுப் போனார். தம்பி கை எப்படி இருக்கிறது என்றேன். கைக்கு என்ன என்று என்னையே திருப்பிக் கேட்டார். கட்டு எதுவும் இல்லையாம். இந்த வருஷம் ஆல்பர்ட் சார் போர்டில் வரைவதில்லை, பிள்ளைகளையே கூப்பிட்டு வரையவைக்கிறார், புது முறை என்று ஹெட்மாஸ்டர் பாராட்டினார் என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜூலையில் உனக்கு நான் எழுதியது பொய். அப்பாவுக்கு அறுபதில் வரவில்லை, நாற்பத்திரண்டில் வந்தது. நீ டைப் அடித்து அனுப்பிய அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையான வயதை எழுதினால் நீ உன் வயதோடு சேர்த்துப் பார்ப்பாய் என்று பயந்து மாற்றி எழுதினேன். உனக்கு நாற்பத்திநாலு.

உனக்கு ஞாபகம் இல்லை என்கிறாய். எனக்கு இருக்கிறது. ஈஸ்டர் ராத்திரி கோயிலில் நம் அப்பா, உபதேசியார் வியாகுலம், பாஸ்கா மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெழுகு சிந்தி அவர் கையெல்லாம் வெந்துபோயிற்று. பின்வரிசையில் ஒருவன், "உபதேசியாரு ஊத்திக்கினு வந்துட்டாருடா" என்றான். வாழ்நாளில் சொட்டுக் குடிக்காத மனிதர். அதற்குப் பிறகு அவர் கோயிலில் முன்னால் வரவே இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும், என்ன கொடுத்தாலும், பாதி டம்ளர் போதும் என்பார். முழு டம்ளர் என்றால் சிந்திவிடும்.

ஆல்பர்ட், உனக்குப் பாதி டம்ளர் எப்போதிலிருந்து?

அக்கா


கள்ளக்குறிச்சி
7.9.2025

அன்புள்ள அத்தைக்கு டயானா எழுதுவது. நான் நலம், அம்மா நலம். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியவேண்டாம்.

உங்கள் கடிதத்தை அப்பா இரண்டு தடவை படித்தார். பைபிளுக்குள் வைத்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கோட்டையே போடுகிறார். பழைய கோட்டின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி வரவைக்கப் பார்க்கிறார். ஒரு தடவை ஆறு மேடு வருகிறது, ஒரு தடவை பதிமூன்று. கசக்கிப் போடுகிறார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு போட்டுப் பார்த்தார். இரண்டும் ஆடியது.

நானும் அம்மாவும் ஒரு வருஷமாகத் தெரியாத மாதிரி இருக்கிறோம். அவருக்குச் சாம்பார் ஊற்றும்போது நானே ஊற்றிவிடுவேன். அக்காவுக்குத் தெரியக்கூடாது, எங்கள் அப்பாவைப் பார்த்துப் பார்த்தே அக்கா கல்யாணம் போயிற்று, இன்னொரு தடவை அக்கா தலையில் உட்கார மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னார்.

கசக்கின தாள்களைப் பொறுக்கி, நீவி வைத்திருந்தேன். முப்பத்தெட்டு இருக்கிறது. எனக்குத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அண்ணன் செல்லமுத்துவிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஏதாவது செய்யுங்கள் அத்தை.

டயானா


கரியாலூர்
14.9.2025

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் முப்பத்தெட்டுத் தாளும் என்னிடம் இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்காதே. கேட்டால் மூன்றாவது பொய் சொல்வேன்.

கிடங்கு மேசையில் அவற்றைப் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வீரமுத்து தன் விதையை வாங்கிப்போகச் சாக்கோடு வந்துவிட்டார். நான் முகத்தைத் துடைப்பதற்குள் ஒவ்வொரு தாளாக எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். ஒரு தாளில் நின்றுவிட்டார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது எங்க ஊர்லர்ந்து பாத்தா தெரியற மல. எங்க ஊருக்கு யாரு வந்தாங்க?"

யாரும் வரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. கிடங்கு வாசலில் நின்று பார்க்கிற மலையும் அவர் வாசலில் நின்று பார்க்கிற மலையும் ஒரே மலைதான், ஆனால் மேடு வேறு இடத்தில் ஏறும், வேறு இடத்தில் இறங்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பதினாலு வருஷம் நான் ஒரே வாசலில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, சாக்கை அப்படியே வெறுமனே எடுத்துக்கொண்டு போய்விட்டார். விதை இங்கேயே இருக்கிறது. மறுநாளிலிருந்து மற்ற ஊர்க்காரர்களும் வந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். இதுவரை ஏழு தாள் போயிற்று.

எனக்குத் தெரியும், அதில் மலை இல்லை, உன் கைதான் இருக்கிறது. அவர்கள் கண்ணுக்கு மலை தெரிகிறது, அதை நான் போய்க் கெடுக்கவில்லை. ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டுச் சிற்றேட்டைத் திரும்ப அச்சடிக்க இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார். சுவரில் எந்தக் கோடு வந்தாலும் சரி என்றும் சொன்னார். உன் கையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

இப்போது நம் விஷயம். அப்பாவால் என் வாழ்க்கை போயிற்று என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், நீ என்னைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. அப்பாவுக்குச் சோறு ஊட்டினதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவர் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பன்னிரண்டு வருஷம்தான் எனக்குத் தாங்கவில்லை. நீயும் கதவைச் சாத்தாதே. வந்தால் வா. வராவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபத்தேழாம் தேதி முதல் பஸ்ஸில் முன் சீட் போட்டுவைக்கச் செல்லமுத்துவிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


கள்ளக்குறிச்சி
11.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். திறப்பு விழாவில் வெகுநேரம் நின்றதில் உங்கள் மூட்டு வலி அதிகமாகிவிட்டதா?

அன்றைக்கு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பார்க்காதது ஒன்றை மட்டும் எழுதுகிறேன். தூரிகையை எடுத்தபோது கை இவ்வளவு ஆடி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற தேவிப்ரியா அம்மா பார்த்துவிட்டார். "பெயிண்ட் டப்பாவ நான் புடிச்சிக்கட்டுமா சார்?" என்றார். இரண்டு கையாலும் தூரிகையைப் பிடித்துக்கொண்டேன். போட்டுவிட்டேன். முடிந்ததும் எல்லோரும் மேட்டை எண்ணினார்கள். பதினொன்று. மிச்சமுள்ள ஒன்று யாருக்கு என்று மேல்வாழைக்குழிக்காரர்களும் இன்னாட்டுக்காரர்களும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகச் செல்லமுத்து சொல்கிறான். அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஜெயப்பிரகாஷும் கூட்டத்தில் இருந்தார். அவர் சொல்வதற்கு முன்னால் திங்கட்கிழமை ஹெட்மாஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். படிவத்தில் குடும்ப நோய்க் கட்டத்தில் கை நடுக்கம், அப்பாவுக்கு என்று எழுதி, அதற்குக் கீழே எனக்கும் என்று எழுதினேன். கோப்பு நிர்வாகத்தின் மேசையில் இருக்கிறது. என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் புதுச்சேரியில் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து, நேராக ஒரு கோடு போடுங்கள், அப்புறம் ஒரு சுருள் போடுங்கள் என்றார். போட்டுக் கொடுத்தேன். அதைத் தன் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தார். உங்கள் அப்பாவுக்கு இருந்ததா, டம்ளரைத் தூக்கும்போது ஜாஸ்தியா, எத்தனை வருஷமாக மறைக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். என் கோட்டை எத்தனையோ பேர் பார்த்து எத்தனையோ அர்த்தம் சொன்னார்கள். சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். பரம்பரையாக வருவது, உயிருக்கு ஆபத்து இல்லை, முழுக்கப் போகாது, மாத்திரையில் கொஞ்சம் கம்மியாகும் என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னும் கம்மியாகவில்லை.

இந்தக் கடிதம் முழுக்க நானே எழுதினது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. படிக்க முடியாத இடத்தை ஊகிக்காதீர்கள், நீங்கள் ஊகித்தால் ஊர்ப் பெயர் வைத்துவிடுவீர்கள். வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வந்து படித்துக் காட்டுகிறேன். காபி போட்டு டம்ளர் நிறைய ஊற்றி வையுங்கள் அக்கா. சிந்தினால் சிந்தட்டும்.

தம்பி ஆல்பர்ட்